கண்டல்காடு உங்களை வரவேற்கிறது

ஒரு காட்டில் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், வழக்கம் அப்படி. ஆனால் இதைக் காடு என்று சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. மேற்கு எல்லையில் நின்று ஒருவர் தும்மினால் கிழக்கு எல்லையில் இருப்பவர் முகத்தைத் துடைத்துக்கொள்வார். அவ்வளவுதான் இடம். ஒரு பக்கம் கடல், மற்ற மூன்று பக்கமும் அடுத்தவர் காடு. நடுவில் ஓர் உப்பங்கழி, அதன் இரு கரையிலும் சேற்றில் வேரை ஊன்றிக்கொண்டு நிற்கும் கண்டல் மரங்கள். அதனால் கண்டல்காடு என்று பெயர்.

இங்கேயும் ஒரு சிங்கராஜா இருந்தார். கடற்கரையில் சிங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். பாகப்பிரிவினையில் மூத்தவருக்கு அருவி உள்ள காடு போனது, இரண்டாமவருக்கு மலை உள்ள காடு போனது, கடைசித் தம்பிக்கு மிஞ்சியது இதுதான். ராஜாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். மான், முயல் என்று ராஜாக்கள் வழக்கமாகச் சாப்பிடும் எதுவும் இங்கே கிடையாது, மீன்தான். அதையும் யாராவது முள்ளெடுத்துக் கொடுத்தால்தான் சாப்பிடுவார்.

ஒருமுறை ராஜா தன் பெரியண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போனார். பந்தியில் அண்ணன்கள் இருவரும் தங்கள் காடுகளுக்கு வரும் விருந்தாளிகளைப் பற்றியே பேசினார்கள். அருவியில் குளிக்க யானைகள் குடும்பத்தோடு வருகின்றனவாம். மலை மேலிருந்து பள்ளத்தைப் பார்க்கக் கரடிகள் முன்கூட்டியே சொல்லி வைக்கின்றனவாம். கடைசியில் பெரியண்ணன் தம்பியின் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா, உன் ஊருக்கு யாராச்சும் வர்றாங்களா?"

"போன வருசம் ஒரு காட்டுப்பன்னி வந்துச்சுண்ணே."

"என்ன பார்க்க?"

"வழி தவறிடுச்சாம்."

பந்தியே சிரித்தது. மணப்பெண்கூடச் சிரித்தாள். ராஜா பாயசம் சாப்பிடாமல் எழுந்து ஊர் திரும்பினார். வந்ததும் மந்திரி நரியைக் கூப்பிட்டார்.

மந்திரியின் பெயர் தாமோதரம். முன்பு ஒருதரம் அருவிக்காட்டுக்குப் போய் வயிற்றுக்கோளாறு வந்து சில நாள் அங்கேயே படுத்துக் கிடந்தவர். அந்த அனுபவத்தால் ஊரில் அவர்தான் சுற்றுலா நிபுணர்.

"நம்மகிட்ட அருவி இல்ல, மலை இல்ல. என்னய்யா பண்றது?" என்றார் ராஜா.

"நம்மகிட்ட எல்லாம் இருக்கு ராஜா. பேருதான் இல்ல," என்றார் தாமோதரம்.

மறுநாளிலிருந்து பெயர் வைக்கும் வேலை நடந்தது. கடற்பறவைகள் எச்சமிட்டு வெளுத்துப்போன பாறைக்கு வெள்ளைக் கோட்டை என்று பெயர் வந்தது. நாற்றம் தாங்காமல் தலைமுறை தலைமுறையாக எல்லோரும் சுற்றிப் போன சேற்றுக்குழி மூலிகைக் குளியல் ஆனது. புயலில் சாய்ந்த ஒரு பனைமரம் காதலர் பனை ஆனது, அதில் இருந்த ஒற்றை ஆந்தை கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவர் என்றாலும். சூரியன் மறைவதைப் பார்க்க ஓர் இடம் வேண்டும் என்றார் ராஜா. கடல் கிழக்கே இருந்தது, மறைகிற சூரியனோ மேற்கே அடுத்த காட்டின் குப்பைமேட்டுக்குப் பின்னால் போய் விழுந்தது. தாமோதரம் அசரவில்லை. கடலைப் பார்த்து ஒரு பலகை போட்டு, 'அஸ்தமனத்தை முதுகால் உணருங்கள்' என்று எழுதி வைத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குத்தான் கூட்டம் அதிகம்.

கழி வளைந்து எல்லையைத் தாண்டும் இடத்தில் ஒரு மரப்பாலம், அதன் அக்கரை அடுத்தவர் காடு; அந்தப் பாலத்தில் ஒரு வாசல் வைத்தார்கள். எல்லையெங்கும் தென்னங்கீற்று மட்டையால் வேலி கட்டினார்கள். கழிக்கு மேலேகூடத் தண்ணீரைத் தொடுகிற மாதிரி கீற்றைத் தொங்கவிட்டார்கள். வாசலில் ஒரு கவுண்டர். அதில் நாரை ரங்கநாயகி உட்கார்ந்தாள். வருகிறவர் காலிலோ கையிலோ தாழை நாரில் செய்த ஒரு பட்டையைக் கட்டுவாள். பட்டை கட்டியவர் விருந்தாளி. அவருக்கு மாலை, இளநீர், கூடவே வர ஒரு குரங்கு வழிகாட்டி. பட்டை பொழுது சாயும்வரை செல்லும். பட்டை இல்லாதவர் உள்ளூர்.

விருந்தாளிகள் வந்தார்கள். வெள்ளைக் கோட்டையைப் பார்த்தார்கள், முதுகால் உணர்ந்தார்கள், காலை வந்தவர்கள் மதியத்துக்குள் எல்லாவற்றையும் பார்த்து முடித்துக் கொட்டாவி விட்டார்கள். "பார்த்தாச்சு, இனி என்ன செய்யறது?" என்று ஒரு பெண் யானை கேட்டதும் தாமோதரத்துக்குப் பகீரென்றது. ஊரில் செய்ய என்ன இருக்கிறது என்று கழிக்கரையோரம் யோசித்துக்கொண்டே நடந்தார். அங்கே அருளாயி தண்ணீரில் இருந்தாள்.

அருளாயி ஒரு நீர்நாய். புருசன் போன மழைக்காலத்தில் கடலுக்குள் போனவன் வரவில்லை. கரையோர வளையில் இரண்டு குட்டிகள். தண்ணீர் ஏறும் நேரத்தில் மடவை மீன்கள் கடலிலிருந்து கழிக்குள் வரும். அருளாயி அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்து கரைப்பக்கம் ஒதுக்கி, ஒரு புரளல் புரண்டு, வாயில் ஒன்றோடு மேலே வருவாள். குட்டிகள் கரையில் நின்று குதிக்கும். அவள் அம்மாவும் அப்படித்தான் பிடித்தாள், அவளுடைய அம்மாவும் அப்படித்தான்.

கரையில் நின்ற விருந்தாளிகள் கைதட்டினார்கள். தாமோதரத்தின் காது விறைத்தது.

மறுநாள் அருளாயி தண்ணீர் ஏறுகிற நேரத்துக்கு வந்தபோது கழிக்கரையில் ஒரு பலகை நின்றது. 'பொழுதுபோக்குப் பகுதி. உள்ளூர்வாசிகள் இறங்கக் கூடாது.' பக்கத்திலேயே தாமோதரம் நின்றார்.

"ஐயா, இங்கதானே நான் மீன் பிடிப்பேன்?" என்றாள் அருளாயி.

"இனிமே விருந்தாளிங்க பிடிப்பாங்கம்மா. உல்லாச மீன்பிடின்னு பேரு வச்சிருக்கோம். ஒரே கழி, எல்லாரும் இறங்கினா கலங்கிடும்ல?"

"எனக்கு இது உல்லாசம் இல்லீங்களே. புள்ளைங்களுக்குச் சோறு."

"நீ அப்படி நினைச்சுக்கிட்டு இருக்கே. நேத்து நீ முங்கி எந்திரிச்சப்ப உன் முகத்துல அவ்வளவு சந்தோசம் தெரிஞ்சுதுன்னு அந்த யானையம்மாவே சொன்னாங்க. சந்தோசமா செஞ்சா அது வேலையாம்மா? இத்தனை நாளும் சும்மா உல்லாசமா இருந்துட்டே. ராஜா பெரிய மனசு பண்ணி ஒண்ணும் கேக்கல."

அருளாயி நேற்றைய மீனை நினைத்துக்கொண்டாள். மீன் கிடைத்தபோது அவளுக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. அது இப்படி அவள் தலையிலேயே விடியும் என்று யாருக்குத் தெரியும்?

"மீறி இறங்கினா வளைக்கு சீல் வச்சிருவோம். அருங்காட்சியகத்துக்கு இடம் தேடிக்கிட்டு இருக்கேன்," என்று தாமோதரம் அன்பாகவே சொன்னார். பிறகு அவளுக்கு ஒரு வேலையும் கொடுத்தார். வாசலில் நின்று வருகிறவர்களுக்கு வாலாட்ட வேண்டும். சம்பளம், விருந்தாளிகள் மிச்சம் வைப்பது.

விருந்தாளிகள் மிச்சம் வைத்ததெல்லாம் இளநீர்க் கூடுதான். கழியில் பிடித்த மீனையாவது தின்று முள்ளை வைத்தார்களா என்றால் அதுவும் இல்லை. பெரிய காட்டுக் கரடிகள் மீனைப் பிடித்துத் தூக்கி, ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட்டன. உயிர்களிடம் அன்பாக இருக்க வேண்டுமாம். கொழுத்த மடவை ஒன்று படத்துக்கு நின்றுவிட்டு மெதுவாகத் துள்ளிப் போனதை அருளாயி பார்த்துக்கொண்டு நின்றாள். வாலை ஆட்ட வேண்டும் என்பது அவளுக்கு மறந்துவிட்டது.

இதே கதிதான் மற்றவர்களுக்கும். நண்டு ஏகாம்பரம் சேற்றில் வளை தோண்டியது மணல் சிற்பப் பயிற்சி ஆகிவிட்டது. ரங்கநாயகி கவுண்டருக்கு வருமுன் ஒற்றைக்காலில் மீனுக்குக் காத்து நிற்பாளே, அந்த ஆழமில்லாத் தண்ணீர் தியானத் திடல் ஆகிவிட்டது. அங்கே இப்போது பருத்த பன்றிகள் ஒரு காலைத் தூக்கி நிற்க முயன்று வரிசையாக விழுந்துகொண்டிருந்தன.

குட்டிகளுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. சின்னது அழுவதை நிறுத்திவிட்டது, அதுதான் அருளாயியைப் பயமுறுத்தியது. அழுகிற பிள்ளையை அதட்டலாம், அழாத பிள்ளையை என்ன செய்வது? ஒரு காலை அவள் பாலம் தாண்டி அக்கரைக்குப் போனாள். அங்கே வேறு நீர்நாய்கள் இருந்தன. கொஞ்சம் மீன் கேட்டாள். கிடைத்தது காதில் ஒரு கடி. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி, வாசல் வழியாக உள்ளே வர வரிசையில் நின்றாள்.

கவுண்டரில் ரங்கநாயகி தலையைத் தூக்கவில்லை. தூக்கி முகம் பார்த்தால் நலம் விசாரிக்க வேண்டி வரும், நலம் விசாரித்தால் வரிசை நின்றுவிடும் என்று தாமோதரம் அவளுக்குச் சொல்லிவைத்திருந்தார். அதனால் அவளுக்கு வந்தவரின் கை மட்டும்தான் கண்ணில் படும்.

"எங்கேருந்து வர்றீங்க?"

"அக்கரையிலேருந்துதான்," என்றாள் அருளாயி.

"கையை நீட்டுங்க."

நீட்டினாள். பட்டை விழுந்தது. யாரோ மாலை போட்டார்கள். யாரோ இளநீர் கொடுத்தார்கள். அருளாயி வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தாள், இளநீர் வாய்க்குள் போனதால் சொல்லவில்லை.

குரங்கு வழிகாட்டி ஓடி வந்தது. அது பிறந்ததே அருளாயியின் வளைக்கு மேலேயுள்ள கிளையில்தான். ஆனால் அதன் கண்ணுக்கும் பட்டைதான் தெரிந்தது. "வாங்க மேடம். தண்ணியில இறங்கிப் பழக்கம் உண்டா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவள் இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கைகளைக் கட்டியது. மூழ்கிவிடக் கூடாதாம். "பயப்படாதீங்க. கால் ரெண்டையும் இப்படி அடிக்கணும். மூச்சை மூக்கால விடாதீங்க."

அருளாயி தண்ணீரில் பந்து மாதிரி மிதந்தாள். குடுக்கைகளோடு முங்க முடியாமல் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. குரங்கு வேறு பக்கம் பார்த்த நேரத்தில் கயிற்றைக் கடித்துவிட்டு உள்ளே போனாள். மேலே வந்தபோது வாயில் ஒரு மடவை, கையில் ஒன்று.

"முதல் தடவைக்கு ரொம்ப நல்லா பண்றீங்க மேடம்," என்றது குரங்கு. "செல்ஃபி எடுத்துட்டு விட்ருங்க."

"எங்க ஊருல விடமாட்டோம். தின்னுடுவோம். அது எங்க பழக்கம்."

விருந்தாளிகளின் பழக்கவழக்கத்தை மதிக்க வேண்டும் என்று குரங்குக்குப் பாடம் நடத்தியிருந்தார்கள். அது மரியாதையாகத் தலையாட்டியது. அன்று வளையில் குட்டிகள் தின்றன. சின்னது தின்றுமுடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று அழுதது. அந்த அழுகையைக் கேட்டபோது அருளாயிக்கு ஏற்பட்ட நிம்மதியை நான் எழுதிக் காட்ட முடியாது.

அதன்பிறகு தினமும் காலையில் குட்டிகளை வளையில் தூங்கவிட்டுவிட்டுப் பாலம் தாண்டுவாள், கொஞ்ச நேரம் அக்கரையில் நிற்பாள், விருந்தாளியாகத் திரும்புவாள். அவள் உடம்பு தேறியது ஏகாம்பரத்தின் கண்ணில் பட்டது. நண்டுக்குக் கண் கொஞ்சம் வெளியே நீண்டுதானே இருக்கிறது.

"எப்படி அருளாயி?" என்றது ரகசியமாக.

சொன்னாள். மறுநாள் ஏகாம்பரமும் வரிசையில் நின்றது. பட்டை கட்டியபின் அதற்குத் தன் வீட்டையே தங்கும் அறையாகக் கொடுத்தார்கள். உள்ளே போனதும் இத்தனை வருடத்தில் முதல்முறையாக ஒருவர் வந்து "சௌகரியமா இருக்கா சார்?" என்று கேட்டார். ஏகாம்பரம் கண்கலங்கிவிட்டது. ஊரில் அதை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை, அதன் சொந்த மகனே கூப்பிட்டதில்லை.

இப்படிப்பட்ட விஷயம் ஊரில் நிற்குமா? நத்தைகள் போயின. ஆந்தை போனார். வாசலில் வாலாட்ட நின்றவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கழன்றுகொண்டார்கள். விருந்தாளி எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. தன் கையாலேயே ஒரு விருந்தாளிக்கு மாலை போட வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒருநாள் வாசலுக்கு வந்தார். அன்று முதலில் வந்தது ஏகாம்பரம். பக்கவாட்டில் நடந்து வந்த அதை ராஜா வியப்போடு பார்த்தார்.

"இவர் எந்த தேசம்? நடையே தனியா இருக்கே," என்றார்.

ஏகாம்பரம் அந்த ராஜாவின் அரண்மனை வாசலிலேயே பத்துத் தலைமுறையாக வளை தோண்டி வாழ்ந்த குடும்பம். ராஜா குனிந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான். அண்ணன்களுக்கு அந்தப் படத்தை அனுப்பினார். வெளிநாட்டுக்காரர்களும் வருகிறார்கள் என்று கீழே எழுதினார்.

எண்ணிக்கை ஏறினால் கவனிக்க ஆள் வேண்டுமே. ஆளெல்லாம் விருந்தாளியாக இருந்தார்கள். குரங்கு ஒற்றையாளாக ஓடி ஓடி அலுத்து, ஒருநாள் தானும் பாலம் தாண்டிப் போய்ப் பட்டையோடு வந்து, "எனக்கு வழிகாட்டி எங்க?" என்று சத்தம் போட்டது. பெரிய காட்டு யானைகளுக்கும் கரடிகளுக்கும் இளநீர் சீவிக் கொடுக்கக்கூட ஆளில்லை. அவை கோபித்துக்கொண்டு போய்விட்டன. அதனால் நஷ்டம் ஒன்றும் தெரியவில்லை. தினமும் எண்ணிக்கை கூடிக்கொண்டுதான் இருந்தது.

ஒரு காலையில் தாமோதரத்துக்கு ஓர் எண்ணம் வந்தது. மூலிகைக் குளியலை உண்டாக்கியவரே அவர்தான், ஒருதரம்கூட அதில் குளித்ததில்லை. வேலை அப்படி. ஒரே ஒரு நாள் போய் வந்தால் என்ன என்று மெல்ல வாசலைத் தாண்டினார். அவர் போவதை ரங்கநாயகி பார்த்தாள். அவளுக்கும் ஒற்றைக்காலில் நின்று எத்தனையோ காலமாகியிருந்தது. கவுண்டரில் 'இதோ வந்துவிடுகிறேன்' என்று எழுதி வைத்துவிட்டு அவளும் போனாள்.

அரண்மனையில் ராஜா முள்ளெடுக்க ஆளைக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. திரும்பக் கூப்பிட்டார். பிறகு வாழ்க்கையில் முதல்முறையாகத் தானே சாப்பாடு தேடிக்கொண்டு வாசல்வரை நடந்து வந்தார். வெளியே நல்ல கூட்டம். விருந்தாளிகளுக்கு முள்ளெடுத்துக் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். அவரும் வெளியே போனார். ராஜாக்கள் கதவைச் சாத்திப் பழகியவர்கள் அல்ல, சாத்தியபோது பலமாகச் சாத்திவிட்டார். உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.

கண்டல்காடு முழுவதும் பாலத்தின்மேல் வரிசையாக நின்றது.

"கதவைத் திறங்கப்பா," என்றார் ராஜா.

"உள்ளூர்க்காரங்கதான் ராஜா திறக்கணும். நாங்க விருந்தாளிங்க," என்றது ஏகாம்பரம்.

"சரி. இங்க யார் உள்ளூர்?"

எல்லோரும் அடுத்தவரைப் பார்த்தார்கள். ஆந்தை தான் இங்கே ஒரு திருமணத்துக்காக வந்ததாகச் சொன்னார். குரங்கு தன் பூர்வீகம் மலைக்காடு என்றது. தாமோதரம் மட்டும் ஏதோ சொல்ல வந்தார், பிறகு உள்ளே போனால் இத்தனை பேருக்கும் தானே இளநீர் சீவ வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. "நான் வந்து இன்னும் ஒரு நாள்கூட ஆகலை ராஜா," என்றார் பணிவாக.

அருளாயி வரிசையில் நடுவில் நின்றாள். தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டது. பாலத்துத் தூண்களில் ஈரம் மேலே வருவது அவளுக்குத் தெரிந்தது. முந்தின நாள் கூட்டத்தில் அவளுக்குப் பட்டை கிடைக்கவே மதியமாகி, தண்ணீர் வற்றி, மீன் கிடைக்கவில்லை. குட்டிகள் வெறும் வயிற்றோடு தூங்கியிருந்தன. இன்றும் தவறினால் சின்னது தாங்காது.

"ரங்கநாயகியக்கா, உனக்கு றெக்கை இருக்கு. ஒரு தாவுல மேல போய் தாழ்ப்பாளைத் தூக்கிடேன்," என்று கெஞ்சினாள். "புள்ளைங்க உள்ள கெடக்குது."

ரங்கநாயகிக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. "போயிடுவேன் அருளாயி. ஆனா பறந்து உள்ள போனா நான் ஊழியர் ஆயிடுவேன். இன்னைக்கு ஒரு நாள்தான் லீவு போட்டிருக்கேன்."

"ஏகாம்பரண்ணே, நீங்க அடியில தோண்டிப் போகலாமே?"

"தோண்டுறது இப்ப விருந்தாளிங்களுக்குத்தான்மா. பட்டை கட்டட்டும், உடனே தோண்டிடுறேன்."

அருளாயிக்கு அப்போது வந்த கோபம் அவர்கள் மேல் இல்லை. அவளும்தான் இத்தனை நேரம் நின்றாள். குழந்தைகள் வேலிக்கு அந்தப் பக்கம், கழி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறது, அவளோ நீர்நாய். இதற்கு எதற்குக் கதவு என்று இதுவரை அவளுக்குத் தோன்றவே இல்லை. வரிசையில் நின்று நின்று தனக்குக் கால் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டாள்.

அவள் வரிசையை விட்டு விலகினாள்.

"அருளாயி, இடம் போயிடும்," என்று எச்சரித்தது ஏகாம்பரம். "உள்ளூர்க்காரியாப் போனா மாலை கிடையாது, மரியாதை கிடையாது. யோசிச்சுக்க."

பின்னால் நின்ற நத்தை அதற்குள் அவள் இடத்துக்கு நகர்ந்துவிட்டது. நத்தை அவ்வளவு வேகமாகப் போய் யாரும் பார்த்ததில்லை. அருளாயி பாலத்திலிருந்து தண்ணீரில் குதித்து, தொங்கிய கீற்றுக்கு அடியில் முங்கி, உள்ளே எழுந்தாள்.

கழி காலியாக இருந்தது. குடுக்கை இல்லை, கூச்சல் இல்லை, மடவைகள் கூட்டம் கூட்டமாக ஏறி வந்துகொண்டிருந்தன. குட்டிகள் இரண்டும் பலகைக்குக் கீழே ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"ஏன்டா இறங்கல? யாருமே இல்லையே?" என்றாள்.

"யாரும் இல்லம்மா. போர்டு இருக்கே," என்றது பெரியது.

அருளாயி அந்தப் பிள்ளைகளைப் பார்த்தாள். இவ்வளவு நல்ல பிள்ளைகளாக வளர்த்துவிட்டோமே என்று அவளுக்கு முதல்முறையாகத் துக்கமாக இருந்தது.

"அது உள்ளூர்க்காரங்களுக்கு எழுதினது. உள்ளூரே வெளியில நிக்குது. வாங்க."

"நாம உள்ளூர் இல்லையாம்மா?"

"சாப்பிட்டப்புறம் சொல்றேன்."

மூன்றும் இறங்கின. அன்றைக்குத்தான் குட்டிகள் மீனை ஒதுக்கக் கற்றுக்கொண்டன. பெரியது முதல் தடவையிலேயே ஒன்றைப் பிடித்துவிட்டுத் தனக்கே நம்பிக்கை இல்லாமல் சுற்றிச் சுற்றி நீந்தியது. வயிறு நிறைந்து, வெயிலில் கரையில் புரண்டு, மூன்றும் உல்லாசமாக இருந்தன. அந்தச் சொல்லைத் தவிர வேறு சொல் எனக்கும் கிடைக்கவில்லை.

வாசலில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அருளாயி போய்த் தாழ்ப்பாளின்மேல் கையை வைத்தாள். திறக்கத்தான் போனாள், அதில் சந்தேகம் வேண்டாம். அவள் கெட்டவள் இல்லை.

"யாரும்மா உள்ளே? உள்ளூரா?" என்றார் ராஜா கதவிடுக்கு வழியாக.

"ஆமாங்க. உள்ளூருதான்."

வெளியே ஒரே மகிழ்ச்சி. கடைசியில் ஓர் உள்ளூர்க்காரர் கிடைத்துவிட்டார்.

"அப்ப திறம்மா. நாங்க காலையிலேருந்து நிக்கிறோம்."

"திறக்கிறேங்க. திறந்தப்புறம் நானும் எம்புள்ளைங்களும் கழியில மீன் பிடிக்கலாமா?"

உள்ளே வந்தால் போதும் என்றுதான் ராஜா நினைத்தார், சரி என்று சொல்லவும் வாயெடுத்தார். ஆனால் அவர் பக்கத்தில் தாமோதரம் நின்றார். விருந்தாளியாக இருந்தாலும் அவர் நிபுணர் அல்லவா?

"அது எப்படிம்மா முடியும்? அது பொழுதுபோக்குப் பகுதியாச்சே. நீ உள்ளூரு. வேணும்னா வாசல்ல வாலாட்டுற வேலை காலியா இருக்கு."

அருளாயி கையை எடுத்தாள். குட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள். சின்னது வயிற்றை மேலே காட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"கண்டல்காட்டுக்கு உங்களை அன்போட வரவேற்கிறோம்," என்றாள் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து. குரலில் நல்ல பணிவு இருந்தது. "கொஞ்சம் வரிசையாவே நின்னு காத்திருங்க. யாரும் தள்ளாதீங்க. சீக்கிரம் கூப்பிடுறோம்."

விருந்தாளிகளுக்குத் திருப்தியாக இருந்தது. உள்ளே ஆள் இருக்கிறது, நிர்வாகம் நடக்கிறது. முண்டியடித்தவர்களை ராஜாவே அதட்டி வரிசையில் நிறுத்தினார். இவ்வளவு கூட்டம் நிற்கிறதென்றால் உள்ளே ஏதோ பிரமாதமாக இருக்க வேண்டும் என்று கோபித்துக்கொண்டு போன யானைகளும் கரடிகளும் திரும்பி வந்து கடைசியில் சேர்ந்துகொண்டன. அண்ணன்கள் இருவரும் குடும்பத்தோடு வந்தார்கள். அருவியையும் மலையையும் விட்டுவிட்டு வந்து நின்றவர்களைத் தம்பி தன் இடத்திலிருந்தே திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமையை யாரும் கண்டதில்லை.

உள்ளே மடவை நன்றாகக் கிடைக்கிறது என்று கேள்வி.

நீதி: ஊருக்கு விருந்தாளிகள் வரட்டும், வந்துகொண்டே இருக்கட்டும். வந்து சேர்ந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.